நிறம் வராத சோதனைக் குழாய்

உயிர் ரசாயனத்தைப் பட்டப் படிப்பாக எடுத்துக்கொண்ட ஒரு மாணவரோ மாணவியோ ஆய்வுக்கூடத்தினுள் முதன்முதலாக அடியெடுத்து வைக்கும் வாரத்தில், அவர் கையில் பெரும்பாலும் கொடுக்கப்படுவது நிறமும் மணமும் இல்லாத ஒரு கரைசலே. அதில் ஆல்பா நாப்தால் கரைத்த சாராயத்தில் இரண்டு சொட்டு விட்டு, குழாயைச் சாய்வாகப் பிடித்து, அதன் சுவரோரமாக அடர்ந்த கந்தக அமிலத்தை மெல்ல வழியவிட்டால், கனத்த அமிலம் அடியிலே தங்க, இரண்டு திரவங்களும் சந்திக்கும் எல்லையில் ஊதா நிற வளையம் ஒன்று எழுகிறது. மாவுச் சத்தோ சர்க்கரையோ அதில் உண்டென்பதற்கு அதுவே சாட்சி. பரிசோதனை, அவதானிப்பு, முடிவு என்று ரெக்கார்டு நோட்டில் மூன்று பத்திகளாகப் பிரித்து எழுதப்படும் இந்த முதற் பாடத்திற்கு மோலிஷ் சோதனை என்று பெயர். வியன்னாவில் தாவர உடலியலில் ஈடுபட்டிருந்த ஹான்ஸ் மோலிஷ் என்பவர் 1886-ஆம் ஆண்டில் இதை வெளியிட்டார். முதுமையில் அவர் நம் தேசத்திற்கே வந்து, கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தில் சில மாதங்கள் பணியாற்றிச் சென்றார் என்பது அந்த வளையத்தைக் கண்டு மகிழும் நம் மாணாக்கருள் பலருக்குத் தெரியாது.

இப்படி அந்த வகுப்பில் செய்யப்படும் ஒவ்வொரு சிறு காரியத்திற்கும் ஓர் ஊரும் ஓர் ஆண்டும் ஒரு மனிதரும் உண்டு. ஆனால் என் மனத்தை அதிகமாகக் கவர்வது வேறொரு செய்தி. ஆராய்ச்சியாளர்கள் வேறெங்கோ கண்டுபிடித்து முடித்த விஷயங்களை மாணாக்கர் திரும்பச் செய்து பார்க்கும் இடமே செய்முறை வகுப்பு என்று நாம் பொதுவாக எண்ணுகிறோம். சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தாலோ, உயிர் ரசாயனம் என்னும் சாஸ்திரத்தின் முக்கியமான உண்மைகளுள் சில, மாணாக்கர் கூடிநின்ற வகுப்பு மேஜைகளிலும், பாடத்தில் சொன்னபடி நிறம் வராமற்போன சோதனைக் குழாய்களிலும் பிறந்தவை என்பது புலப்படும்.

மாணாக்கன் தன் கையாலேயே ரசாயனம் பயில வேண்டும் என்ற ஏற்பாடே ஏறக்குறைய இரு நூற்றாண்டுப் பழக்கந்தான். அதற்கு முன்பு ரசாயனம் கேட்கும் வித்தையாக இருந்தது. ஆசிரியர் மேடைமேல் நின்று சில பிரயோகங்களைச் செய்து காட்டுவார். மாணாக்கர் தூரத்திலிருந்து பார்த்துக் குறிப்பெடுப்பார்கள். சிபாரிசும் அதிர்ஷ்டமும் உள்ள ஒரு சிலருக்கு மட்டும் பெரியவர்களின் சொந்த ஆய்வுக்கூடங்களில் இடங் கிடைக்கும். ஸ்டாக்ஹோமில் பெர்ஸீலியஸ் என்னும் மேதையின் வீட்டில், சமையலறையை அடுத்த இரண்டு சாதாரண அறைகளில், 1823-24-இல் பயின்ற ஃப்ரெடரிக் வேலர், பிற்பாடு 1828-இல் யூரியாவை உயிருள்ள உடலின் துணையின்றியே செய்து காட்டியதை யாவரும் அறிவர். ஏறக்குறைய அதே காலத்தில் பாரிஸ் நகரத்தில், அலெக்ஸாண்டர் ஹம்போல்ட்டின் பரிந்துரையால் கே-லுஸ்ஸாக்கின் தனி ஆய்வுக்கூடத்தில் நுழைய அனுமதி பெற்ற மற்றோர் இளைஞர் யூஸ்டஸ் லீபிக். தமக்குக் கிடைத்த அந்த அரிய பாக்கியத்தைப் பலருக்கும் பொதுவாக்கியவர் அவரே.

1824-இல், இருபத்தொரு வயதில், கீஸன் என்னும் சிறிய ஜெர்மானிய ஊரின் பல்கலைக்கழகத்திற்கு அவர் ஆசிரியராக அனுப்பப்பட்டபோது, காலியாகக் கிடந்த ராணுவக் குடியிருப்பொன்றின் காவற்கூடமே அவருடைய ஆய்வுக்கூடமாயிற்று. ஆரம்பத்தில் வந்து சேர்ந்தவர்கள் பெரும்பாலும் மருந்துக் கடைத் தொழிலுக்குப் பயில வந்த பிள்ளைகள். அந்த எளிய இடத்தில் லீபிக் ஏற்படுத்திய முறையோ ஐரோப்பா முழுவதையும் ஈர்த்தது. முதலில் தெரிந்த பொருள்களைப் பகுத்துப் பழகுதல், பின்பு தெரியாத பொருளைக் கண்டறிதல், அதன் பின்பு சொந்தமாக ஓர் ஆராய்ச்சியை மேற்கொள்ளுதல் என்று படிப்படியாக மாணாக்கர் ஏற்றிச் செல்லப்பட்டனர். நாள்தோறும் காலையில் ஒவ்வொருவரும் முந்திய தினம் தாம் செய்ததைப் பற்றியும், இனிச் செய்யக் கருதியதைப் பற்றியும் ஆசிரியரிடம் தெரிவிக்க வேண்டும். அவர் ஒப்பியோ மறுத்தோ சொல்வார். வழியை மாணாக்கனே தேடிக்கொள்ள வேண்டும். இன்றைய அப்சர்வேஷன் நோட்டு, தெரியாத கரைசலைக் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்லும் பரீட்சை, ஆண்டிறுதியில் ஒரு சிறு ஆய்வு என்னும் ஒழுங்கெல்லாம் அந்தக் காவற்கூடத்தின் வம்சாவளியே.

அவருக்கு இதைச் சாத்தியமாக்கியது ஒரு கண்ணாடிக் கருவி. 1831-இல் லீபிக் அமைத்த அந்தச் சிறு சாதனம், ஐந்து குமிழ்களை முக்கோணமாக இணைத்து ஊதப்பட்டது. உயிர்ப் பொருளொன்றை எரிக்கும்போது எழும் கரியமில வாயு அக்குமிழ்களிலுள்ள பொட்டாஷ் கரைசலில் சிக்கிக்கொள்ளும். எரிப்பதற்கு முன்னும் பின்னும் கருவியை நிறுத்தால், அப்பொருளில் கரி எவ்வளவு என்பது கணக்கிற்கு வந்துவிடும். முன்பு மேதைகள் மட்டுமே நெடுநாள் முயன்று செய்துவந்த பகுப்பாய்வை, ஒழுங்காகப் பழகிய சாமானிய மாணாக்கனும் ஒரு தினத்தில் செய்யலாம் என்றாயிற்று. கருவி எளிதானபோதுதான் வகுப்பு பெரிதாயிற்று என்பதை இங்கே குறித்துக்கொள்ளுதல் நலம். பின்னர் வரும் சரித்திரத்திலும் இதே நிகழ்ச்சியை மீண்டும் காண்போம். லீபிக்கின் மாணவரான ஹோஃப்மன், 1845-இல் லண்டனில் நிறுவப்பட்ட ரசாயனக் கல்லூரிக்குத் தலைவராகச் சென்று இம்முறையை இங்கிலாந்தில் நாட்டினார். லீபிக்கின் பழைய ஆய்வுக்கூடம் கீஸனில் இன்றும் காட்சிசாலையாகப் பேணப்பட்டு வருகிறது.

இனி, பொது ரசாயனத்தை விட்டு உயிரின் ரசாயனத்திற்கு வருவோம். நெக்கார் நதிக்கரையில் டியூபிங்கன் நகரத்திற்கு மேலே குன்றின்மீது நிற்கும் பழைய கோட்டைக்குள், முற்காலத்தில் சமையலறையாக இருந்த கற்கட்டிடப் பகுதியில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஒரு ரசாயனக் கூடம் அமைக்கப்பட்டது. 1861 முதல் 1872 வரை அங்கே தலைமை வகித்தவர் ஃபெலிக்ஸ் ஹோப்பே-சைலர். ரத்தத்தின் செந்நிறப் பொருளுக்கு 1864-இல் ஹீமோகுளோபின் என்று பெயரிட்டவர் அவரே. அதற்கு முன்பே, 1858-இல், மருத்துவர்களும் மாணாக்கரும் உடற்பொருள்களைத் தாமே பகுத்துப் பார்ப்பதற்கென்று ஒரு கைந்நூலை எழுதி வெளியிட்டார். நம் கல்லூரிகளில் இன்று வழங்கும் செய்முறைக் கையேடுகளுக்கெல்லாம் அதை மூதாதை எனலாம்.

1868-இல் பாசல் நகரத்திலிருந்து ஃப்ரெடரிக் மீஷர் என்ற இளம் மருத்துவர் அவரிடம் பயில வந்தார். உயிரணுவின் ரசாயனத்தை அறிய விரும்பிய அவருக்கு, கலப்பின்றித் தனித்தனியாகக் கிடைக்கும் அணுக்கள் தேவைப்பட்டன. அவை கிடைத்த இடம் ஊரிலிருந்த அறுவைச் சிகிச்சை விடுதி. புண்களின்மேல் கட்டப்பட்டுச் சீழ் தோய்ந்து கழிக்கப்பட்ட துணிகளை வாங்கி வந்து, சீழிலுள்ள வெள்ளணுக்கள் சிதையாதபடி கழுவியெடுக்க எந்த உப்புக் கரைசல் உகந்ததென்று ஒவ்வொன்றாகச் சோதித்து, இறுதியில் சோடியம் சல்பேட்டில் அவர் நிலைகொண்டார். அணுக்கருவைப் பிரித்தெடுக்கச் சந்தையில் வாங்கக்கூடிய பெப்சின் அவரிடம் இல்லாததால், பன்றியின் இரைப்பையைக் கழுவி அதன் செரிமான ரசத்தைத் தாமே தயாரித்துக்கொண்டார். அவ்வாறு 1869-இல் அவர் கையில் வந்த வெண்ணிறப் பொருள் புரதத்தைப்போல் நடக்கவில்லை. அதிற் பாஸ்பரம் மிகுந்திருந்தது. அவர் நியூக்ளின் என்றழைத்த அதையே நாம் இன்று டி.என்.ஏ. என்று போற்றுகிறோம்.

இங்கே ஹோப்பே-சைலர் நடந்துகொண்ட விதம், செய்முறை வகுப்பின் தர்மம் இன்னதென்பதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த உதாரணம். தம் மாணவரின் கட்டுரையை அவர் உடனே அச்சுக்கு அனுப்பவில்லை. அலட்சியமாக ஒதுக்கிவிடவும் இல்லை. அந்தப் பரிசோதனைகளைத் தம் கைகளாலேயே திரும்பச் செய்து, முடிவு மெய்யென்று தமக்கே உறுதிப்பட்ட பின்பு, 1871-இல்தான் வெளியிட்டார். புகழ்பெற்ற பேராசிரியர் ஒருவர் தம் மாணாக்கனின் பாதையில் அடி பிசகாமல் மறுபடி நடந்து பார்த்தார் என்பதை நினைக்கையில், முன்பே செய்து முடித்ததை மீண்டும் செய்வதில் என்ன பயன் என்று முதலாண்டு மாணவர் சலித்துக்கொள்ளும்போது நாம் சொல்ல வேண்டிய விடை அதிலேயே அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பின்பு ஸ்ட்ராஸ்பூர் நகரத்திற்குச் சென்ற ஹோப்பே-சைலர், 1877-இல் உடலியல் ரசாயனத்திற்கென்றே தனிச் சஞ்சிகை ஒன்றைத் தொடங்கி, இத்துறை தன் காலில் நிற்கும் உரிமையுடைய சாஸ்திரம் என்று வாதாடினார்.

அட்லாண்டிக்கிற்கு அப்பால், யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷெஃப்பீல்டு விஞ்ஞானப் பள்ளியில், 1874-இல் உடலியல் ரசாயனத்திற்கு ஓர் ஆய்வு வகுப்பு ஏற்பட்டபோது, அதை நடத்தும் பொறுப்பு ரஸ்ஸல் சிட்டெண்டன் என்னும், தாமும் இன்னும் பட்டம் பெறாத மாணவரிடமே ஒப்படைக்கப்பட்டது. இங்கிலாந்தில் 1902-இல் லிவர்பூலில் பெஞ்சமின் மூர் உயிர் ரசாயனப் பேராசிரியரானார். கேம்பிரிட்ஜில் சிட்னி கோல் எழுதியதும், அமெரிக்காவில் ஃபிலிப் ஹாக் 1907-இல் வெளியிட்டதுமான செய்முறை நூல்கள் பதிப்பின்மேற் பதிப்பாகப் பெருகின.

அந்நூல்களிற் கண்ட நிறச் சோதனைகளுள் சர்க்கரையைப் பற்றியதை மட்டும் சற்று நின்று பார்ப்போம். மயில்துத்தம் கலந்த காரக் கரைசலைச் சர்க்கரையுடன் சேர்த்துச் சூடாக்கினால் செந்நிறப் படிவு தோன்றுமென்பதை 1841-இல் ட்ரோம்மர் கண்டார். ஸ்டுட்கார்ட்டில் ஃபேலிங் 1849-இல் அதைத் திட்டமான அளவைக்கு உரியதாக்கினார். ஆயினும் அவருடைய இரண்டு கரைசல்களையும் தனித்தனிப் புட்டிகளில் வைத்துச் சோதிக்கும் தருணத்திலேதான் கலக்க வேண்டும், கலந்து வைத்தால் கெட்டுப்போகும். 1909-இல் அமெரிக்கரான ஸ்டான்லி பெனடிக்ட், கடுங்காரத்திற்குப் பதிலாகச் சோடியம் கார்பனேட்டையும், டார்ட்ரேட்டிற்குப் பதிலாகச் சிட்ரேட்டையும் சேர்த்து, ஒரே புட்டியில் நெடுநாள் இருக்கக்கூடிய நீலக் கரைசலை ஆக்கித் தந்தார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறமாக மாறும் அந்தக் காட்சியை நம் ஊர்ச் சிற்றாஸ்பத்திரிகளில் நீரிழிவு நோயாளியின் சிறுநீரைச் சோதித்த முந்திய தலைமுறைக் கம்பவுண்டர்களும் நன்கறிவார்கள். ஒரு கரைசல் கெடாமல் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால், ஒரு வித்தை பேராசிரியரின் மேஜையிலிருந்து கிராமத்து மருத்துவமனை வரை இறங்கி வந்தது.

இப்போது கேம்பிரிட்ஜிற்குச் செல்வோம். ஃப்ரெடரிக் கவ்லாண்டு ஹாப்கின்ஸ் 1898-இல் மைக்கேல் ஃபாஸ்டரின் அழைப்பை ஏற்று உடலியல் ரசாயனம் போதிக்க அங்கு வந்து சேர்ந்தார். பிற்காலத்தில் வைட்டமின் ஆராய்ச்சிக்காக 1929-இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அவர், அந்நாட்களில் வகுப்பெடுத்தே ஓய்ந்துகொண்டிருந்த ஆசிரியர். அவருடைய செய்முறை வகுப்பில் நடைபெற்ற வழக்கமான சோதனைகளுள் ஒன்று, ஆடம்கீவிச் என்பவர் 1874-இல் விவரித்தது: புரதத்தை அசெட்டிக் அமிலத்துடன் கலந்து, அடர்ந்த கந்தக அமிலத்தைச் சேர்த்தால் ஊதா நிறம் தோன்ற வேண்டும். ஐரோப்பிய வகுப்புகளில் ஆண்டாண்டாக இது செய்யப்பட்டு வந்தது. ஹாப்கின்ஸின் வகுப்பில் ஒரு நாள் அது பலிக்கவில்லை. புரதம் இருந்தது, அமிலங்கள் இருந்தன, மாணவர் முறைப்படியே செய்திருந்தார். நிறம் மட்டும் எழவில்லை.

அத்தருணத்தில் ஆசிரியராயிருந்தோர் பலரும் செய்யக்கூடியதை நாம் அறிவோம். வேறு புட்டியிலிருந்து அமிலத்தை எடுத்துச் செய்துபார் என்று சொல்லி, நிறம் வந்ததும் அதையே ரெக்கார்டில் எழுதிக்கொள்ளச் செய்து, அடுத்த மேஜைக்கு நகர்ந்துவிடுவார்கள். ஹாப்கின்ஸ் அந்தப் புட்டியை விடவில்லை. ஒரு புட்டியின் அசெட்டிக் அமிலம் நிறந் தருகிறது, மற்றொரு புட்டியினுடையது தருவதில்லை என்றால், நிறத்திற்குக் காரணம் அசெட்டிக் அமிலமாக இருக்க முடியாது. அதனோடு கலந்துள்ள வேறேதோ ஒன்றாக இருக்க வேண்டும் என்று அவர் துணிந்தார். கோல் என்னும் தம் துணைவருடன் சேர்ந்து தேடியதில், அசெட்டிக் அமிலத்தில் அற்பமாகக் கலந்திருந்த கிளையாக்ஸாலிக் அமிலமே அந்த வஸ்து என்று விளங்கிற்று. தூய்மை மிகுந்த அமிலத்தில் அது இல்லாததால்தான் மாணவருக்கு நிறம் வரவில்லை. கால் நூற்றாண்டாக உலகத்தார் ஓர் அசுத்தத்தின் பயனாகவே சரியான விடையைப் பெற்று வந்திருக்கிறார்கள்.

இவ்வளவோடு நின்றிருந்தாலும் அது நல்ல காரியமே. ஆனால் ஹாப்கின்ஸ் அடுத்த கேள்வியை எழுப்பினார்: கிளையாக்ஸாலிக் அமிலத்தோடு கூடி நிறந் தருவது புரதத்தின் எந்தப் பகுதி? கணையச் சாற்றினால் செரிக்கப்பட்ட புரதம் புரோமின் நீரோடு செவ்வூதா நிறங் கொடுப்பதை முன்னோர் கண்டு, அதற்குக் காரணமான பொருளுக்குப் பெயரும் சூட்டியிருந்தார்கள். ஆனால் அதைத் தூய நிலையில் ஒருவரும் கண்ணாற் கண்டதில்லை. இப்போது தம் கையிலுள்ள நிறச் சோதனையையே வழிகாட்டியாகக் கொண்டு, பாலின் கேஸீன் புரதத்தைச் செரிக்கவைத்து, பாதரச உப்பினால் வீழ்படிவாக்கிப் பிரித்து, 1901-இல் டிரிப்டோஃபேன் என்னும் அமினோ அமிலத்தைப் படிகங்களாக அவர்கள் பிரித்தெடுத்தார்கள். அதன் பின்பு 1906-இல், எடித் வில்காக் என்னும் அம்மையாரும் ஹாப்கின்ஸும், டிரிப்டோஃபேன் இல்லாத சோளப் புரதத்தை மட்டும் புரத உணவாகப் பெற்ற இளஞ் சுண்டெலிகள் விரைவில் மாய்வதையும், அதே உணவில் டிரிப்டோஃபேனைச் சேர்த்தால் அவற்றின் ஆயுள் நீள்வதையும் காட்டினார்கள். உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாத, உணவின் வழியாகவே வந்து தீர வேண்டிய அமினோ அமிலங்கள் உண்டு என்னும் மகத்தான கொள்கைக்கு அது அஸ்திவாரம். சுண்டெலியிலிருந்து பின்னோக்கி நடந்தால், அந்தக் கொள்கையின் தொடக்கத்தில் நிறம் வராத ஒரு மாணவரின் சோதனைக் குழாய் நிற்கிறது. இன்றும் நம் கையேடுகளில் ஹாப்கின்ஸ்-கோல் சோதனை என்ற தலைப்பில் நான்கு வரிகள் இருக்கின்றன. அந்த நான்கு வரிகளுக்குப் பின்னாலிருக்கும் இந்த வரலாற்றை மாணாக்கருக்குச் சொல்லாமல் விடுவதைப் போன்ற நஷ்டம் வேறில்லை என்று நான் கருதுகிறேன்.

நிறம் உண்டா இல்லையா என்று பார்ப்பதிலிருந்து, நிறம் எவ்வளவு என்று அளப்பதற்குச் செல்வது வகுப்பின் அடுத்த படி. இதற்கு வழி வகுத்தவர் ஸ்வீடனிற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஆட்டோ ஃபோலின். டுபாஸ்க் நிறமானி என்று ஒரு பழைய கருவி உண்டு. இரண்டு கிண்ணங்களில் இரண்டு கரைசல்களை வைத்து, கண்ணாடித் தண்டுகளை ஏற்றி இறக்கி, கண்ணுக்குத் தெரியும் வட்டத்தின் இரு பாதிகளும் ஒரே அடர்த்தியாகும்வரை சரிசெய்து, திரவத்தின் ஆழத்தைக் கொண்டு அளவைக் கணக்கிட வேண்டும். ஃபோலின் 1904 முதல் இக்கருவியைச் சிறுநீருக்கும், பிறகு சீன தேசத்திலிருந்து வந்து தம்மிடம் பயின்ற வூவுடன் சேர்ந்து 1919-இல் ரத்தத்திற்கும் பயன்படுத்தினார். சிறிதளவு ரத்தம் போதும் என்றாயிற்று.

இந்த ஃபோலின் பணியாற்றிய ஹார்வர்டு மருத்துவப் பள்ளிக்குத்தான் 1923-இல் சென்னையிலிருந்து ஒருவர் சென்று சேர்ந்தார். எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-இல் பீமாவரத்தில் பிறந்தவர். சென்னை மாகாணக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் கற்றவர். சுதேசி இயக்கத்தில் பற்றுக்கொண்டு கதர் உடுத்தியவர். மருத்துவத்தில் முழுப் பட்டத்திற்குப் பதிலாக எல்.எம்.எஸ். என்னும் சான்றிதழே கிடைக்கப் பெற்று, சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்திருந்தவர். கடல் கடந்த அவர், ஜீவனத்துக்காக இரவில் மருத்துவமனையில் வேலை செய்துகொண்டு, சைரஸ் ஃபிஸ்க் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் பாஸ்பரத்தை அளக்கும் முறையொன்றை உருவாக்கினார். அமில மாலிப்டேட்டுடன் பாஸ்பேட் கூடிய பொருளைத் தகுந்த ஒடுக்கியினால் ஒடுக்கினால் நீல நிறம் வரும் என்பது முன்பே தெரிந்த விஷயம். ஆனால் முந்திய முறைகளில் நிறம் தாமதமாக எழுந்தும், நிலையாதும் தொல்லை கொடுத்தது. அமினோநாப்தால் சல்ஃபானிக் அமிலத்தை ஒடுக்கியாகக் கொண்டு, விரைவாகவும் உறுதியாகவும் நீலம் எழும் முறையை 1925-இல் ஃபிஸ்க்கும் சுப்பாராவும் வெளியிட்டார்கள்.

இந்த முறையைத் தசைச் சாற்றில் கையாண்டபோது, கேம்பிரிட்ஜில் நடந்ததற்கு நிகரான ஒன்று மறுபடியும் நடந்தது. தூய பாஸ்பேட்டில் எழுவது போன்று நிறம் உடனே எழவில்லை. நேரம் செல்லச் செல்ல நீலம் மெதுவாக ஏறிக்கொண்டே இருந்தது. முறை கெட்டுவிட்டதென்று அவர்கள் முடிவு கட்டவில்லை. தசையிலுள்ள பாஸ்பரத்தில் ஒரு பகுதி வேறெதனோடோ இணைந்திருந்து, அமிலமும் மாலிப்டேட்டும் பட்டதும் சிறிது சிறிதாக விடுபடுகிறது என்று ஊகித்துத் தொடர்ந்தார்கள். 1927-இல் பாஸ்போகிரியாட்டின் என்ற பொருள் அவ்வாறு வெளிப்பட்டது. அதே ஆண்டில் இங்கிலாந்திலும் எக்கிள்டன் தம்பதியர் தனியாக அதைக் கண்டனர். 1929-இல் ஏ.டி.பி. என்னும், உயிரனைத்துக்கும் சக்தியைப் பரிமாறித் தரும் பொருளை ஜெர்மனியில் லோமனும், ஹார்வர்டில் ஃபிஸ்க்கும் சுப்பாராவும் ஒருவரையொருவர் சாராமற் பிரித்தெடுத்தார்கள். தசை சுருங்குவதற்கு வேண்டிய சக்தி எங்கிருந்து வருகிறது என்ற பழம்பெருங் கேள்வியின் விடை, தாமதமாக நீலமான ஒரு குழாயிலிருந்து புறப்பட்டு இவ்வளவு தூரம் வந்தது. நம் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பி.எஸ்ஸி. மாணாக்கர் இன்றும் பாஸ்பரத்தை அளப்பது ஃபிஸ்க்-சுப்பாராவ் முறையாலேதான். தம் ஊரின் வீதிகளில் நடந்து, தம் ஊரின் கல்லூரியில் படித்த ஒருவருடைய கைப்பழக்கத்தையே தாம் பழகுகிறோம் என்பதை அறிந்து செய்பவர் அவர்களுள் எத்தனை பேர்?

ஃபோலினைப் பற்றிச் சொல்லும்போது அவர் கூறிய தவறான அறிவுரையொன்றையும் சொல்லியாக வேண்டும். வேட்டையில் நேர்ந்த விபத்தில் ஒரு கையை இழந்த ஜேம்ஸ் சம்னர் என்ற இளைஞர் அவரிடம் வந்தபோது, ஒற்றைக் கையினர் ரசாயனத்தில் முன்னுக்கு வருவது அரிது, சட்டம் படிக்கலாமே என்று ஃபோலின் யோசனை சொன்னார். அதைக் கேளாத சம்னர், கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணாக்கருக்குப் போதித்தவாறே, வாளவரை விதையிலிருந்து யூரியேஸ் என்னும் நொதியை 1926-இல் படிகமாக்கி, நொதிகள் புரதங்களே என்று நிலைநாட்டினார். அதற்காக 1946-இல் நோபெல் பரிசும் பெற்றார். கைத்திறன் என்பது கைகளின் எண்ணிக்கையைப் பொறுத்ததன்று என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

சென்னையில் இச்சாஸ்திரம் தனக்கென்று ஓர் இல்லம் பெற்றது பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கத்து உயிர் ரசாயன ஆய்வுக்கூடத்தில். அதை வளர்த்த தாமோதரன், லண்டனில் சிப்னால் என்னும் விஞ்ஞானியுடன் இருந்தபோது, புரதங்களை நொதியால் செரிக்கவைத்து அவற்றிலிருந்து அஸ்பராஜினையும் குளூட்டமினையும் 1932-இல் பிரித்தெடுத்தவர். அமைடு வகையைச் சேர்ந்த அவ்விரண்டும் புரதத்தின் உறுப்புகளே என்பது அதுவரை ஊகமாக மட்டுமே இருந்தது. அவர் பணியால் நிரூபணமாயிற்று. சென்னைக்கு வந்த பின்பு அவரும் அவருடைய மாணாக்கரும் முளைவிட்ட விதைகளிலுள்ள நொதிகளை ஆராய்ந்து, 1938-இல் லண்டன் சஞ்சிகையிற் கட்டுரை வெளியிட்டனர். முளைகட்டிய பயறு நம் நாட்டில் எக்காலத்தும் எளிதில் கிடைக்கும் பொருள் என்பதால், பிற்காலத்துக் கல்லூரி வகுப்புகளிலும் அமிலேஸ் நொதிக்கு அதுவே நிலையான மூலமாக அமைந்துவிட்டது.

கருவிகள் மாறிய வரலாற்றை இங்கு விரிக்கப் போவதில்லை. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் மதுவாலையின் ஆய்வுக்கூடத்தில் சாரன்ஸன் 1909-இல் அமில அளவுக்கு வகுத்த பி.எச். என்னும் அளவுகோலும், 1930-களில் அமெரிக்காவில் பெக்மன் அமைத்த மின்மானியும் வந்த பின்பு, தாங்கற் கரைசல் தயாரிப்பது முதல் வாரத்துப் பாடமாயிற்று. நீண்ட கண்ணாடிப் பிப்பெட்டை வாயில் வைத்து உறிஞ்சி, திரவம் கோட்டிற்குச் சற்று மேலே ஏறியதும் ஆட்காட்டி விரலால் மூடி, மெல்ல இறக்கிக் கோட்டில் நிறுத்தும் பழக்கம் அண்மைக்காலம் வரை ஒவ்வொருவரும் கற்றுத்தீர வேண்டிய கலையாக இருந்தது. அமிலமும் காரமும் வாய்க்குள் புகுந்த அனுபவம் அக்காலத்தில் அரிதன்று. மார்பர்க்கில் ஷ்னிட்கர் என்ற மருத்துவர் 1957-இல் விசைப்பொத்தானும் வில்லும் கொண்ட நுண்பிப்பெட்டை அமைத்துத் தந்தது, வேலையை விரைவாக்கியதோடு மாணாக்கரின் உயிருக்கும் காப்பாயிற்று. இவ்விஷயத்தில் பழமையைப் போற்றுவதற்கு எனக்கு எள்ளளவும் மனமில்லை.

ஆனால் அளவைக் கருவிகள் செம்மைப்பட்டதனால் ஒரு தீங்கும் நேர்ந்திருக்கிறது. 1951-இல் லௌரி என்பவர், ஃபோலினின் பழைய வினைப்பொருளைச் செம்புடன் இணைத்துப் புரதத்தை அளக்கும் முறையை வெளியிட்டார். விஞ்ஞான உலகில் அதைப்போல் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை வேறில்லை என்பர். நம் வகுப்புகளில் அது இவ்வாறு நடக்கிறது: தெரிந்த அளவுள்ள புரதக் கரைசல்களை வரிசையாக எடுத்து, நீலத்தை ஒளிமானியில் அளந்து, வரைபடத்தாளில் ஒரு நேர்கோடு இழுத்து, தெரியாத கரைசலின் அளவை அக்கோட்டிலிருந்து படித்தெடுக்க வேண்டும். ஐந்து புள்ளிகளும் கோட்டில் அமையாதபோது, பிசகிய புள்ளி ஏன் பிசகியது என்று கேட்பதை விட்டு, அதைக் கோட்டிற்கு அருகே நகர்த்தி எழுதிவிடும் வழக்கத்தைப் பல கல்லூரிகளில் நானே கண்டிருக்கிறேன். முந்திய ஆண்டு ரெக்கார்டைப் பார்த்து எண்களை எழுதுவதும் உண்டு. மதிப்பெண் அச்சத்தால் பிள்ளைகள் செய்யும் இதை நான் பெருங்குற்றமாகக் கருதவில்லை. அந்த அச்சத்தை உண்டாக்கும் ஏற்பாட்டையே குறை சொல்வேன். லௌரி முறையில் நீலத்தைத் தருபவை பெரும்பாலும் புரதத்திலுள்ள டைரோஸினும் டிரிப்டோஃபேனும். அவை குறைந்த புரதம் எடையில் மிகுந்திருந்தாலும் நீலத்திற் குறைந்தே காட்டும். ஆகவே கோட்டிலிருந்து விலகிய புள்ளியும் சில வேளைகளில் உண்மையையே பேசுகிறது.

இதற்கு ஒரு சிறு யோசனையைச் செய்முறை வகுப்பு நடத்தும் ஆசிரியர்கள்முன் வைக்க விரும்புகிறேன். முதல் மாதத்தில், ஹாப்கின்ஸ்-கோல் சோதனைக்குரிய நாளில், பாதிக் குழாய்களில் முட்டை வெண்கருவும் மற்ற பாதியில் ஜெலட்டினும் நிரப்பி, எது எதுவென்று சொல்லாமற் கொடுக்கலாம். ஜெலட்டினும் புரதமே, பையூரெட் சோதனையில் அதுவும் ஊதாவாகும். ஆனால் அதில் டிரிப்டோஃபேன் இல்லாமையால் இங்கே அதற்கு வளையம் எழாது. அந்த மேஜையில் நிற்கும் மாணாக்கர் தாம் பிழை செய்துவிட்டதாக முதலில் அஞ்சுவார்கள், மறுபடியும் செய்வார்கள், புட்டியை மாற்றிப் பார்ப்பார்கள், பக்கத்து மேஜையினரிடம் போய்க் கேட்பார்கள். அவர்களுடைய ரெக்கார்டில் நிறம் தோன்றவில்லை என்று அவர்கள் எழுதியிருந்தால், அதற்கு முழு மதிப்பெண் வழங்கி, 1901-ஆம் ஆண்டின் கதையை அன்று மாலையே அவர்களுக்குச் சொல்லலாம்.